சிந்த் கட்ட எந்த போர்டு: பை 4-ஆ, ஜீரோ 2 டபிள்யூவா, பைக்கோ 2-வா, டீன்சியா?

பெரம்பூர் கீஸ் | 10 மே 2025, இரவு 9.12

எட்டு வாய்ஸ் (ஒரே நேரத்துல எட்டு நோட் ஒலிக்கிற) சிந்தசைசர் ஒண்ணு கட்டணும். 61 கட்டை பழைய கீபோர்டு கைவசம் இருக்கு. பின்னாடி அஞ்சு முள் மிடி அவுட் (எந்த நோட் அழுத்தினோம்னு அனுப்பற சாக்கெட்) மட்டும்தான், யூஎஸ்பி கிடையாது. தேவை இவ்வளவுதான்: வாய்ஸுக்கு ரெண்டு ஆஸிலேட்டர் (ஒலி அலை உண்டாக்கறது), ஒரு ஃபில்டர், என்வலப் (சத்தம் ஏறி இறங்கற வடிவம்), கடைசியில ஒரு டிலே (எதிரொலி), எட்டுப் பத்து நாப் (திருகற குமிழ்). மெல்லிசை மேடைக்கும் மார்கழி பஜனைக்கும் எடுத்துட்டுப் போகணும், கமகம் பிடிக்கணும். போர்டு, டாக் (எண்ணை ஒலியா மாத்தற சிப்), நாப், பெட்டி எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்குள்ள.

என் கணக்குல ராஸ்ப்பெர்ரி பை 4 தான் சரி. வேகம் அதிகம், மென்பொருள் ரெடியா இருக்கு. பைக்கோ 2 மாதிரி குட்டி போர்டுல தசமக் கணக்குப் போடவே ஹார்டுவேர் கிடையாது, எட்டு வாய்ஸ் வராது. மறுப்பு இருந்தா காரணத்தோட சொல்லுங்க.

மாம்பலம் மிடி | 10 மே 2025, இரவு 9.31

நீங்க சொல்றது முதல் பைக்கோ. அது 2021-ல வந்தது, ஆர்பி2040 சிப், ரெண்டு கார்டெக்ஸ் எம்0+ கோர், எஃப்பியூ (தசமக் கணக்குக்கான ஹார்டுவேர்) கிடையாது. பைக்கோ 2 வந்தது 2024 ஆகஸ்டில். அதுல ஆர்பி2350, ரெண்டு எம்33 கோர், கோருக்கு ஒரு எஃப்பியூ. நினைவகமும் 264 கேபியிலிருந்து 520 கேபி ஆயிடுச்சு. பட்டியல் விலை அஞ்சு டாலர். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

சூளைமேடு சர்க்யூட் | 10 மே 2025, இரவு 10.48

கிகாஹெர்ட்ஸைப் பார்த்து சிந்துக்கு போர்டு எடுக்கக் கூடாது. ஒரு சாம்பிளுக்கு (ஒலியின் ஒரு புள்ளி) எத்தனை சைக்கிள் (சிப்பின் ஒரு துடிப்பு) கிடைக்கும், அது தவறாமல் நேரத்துக்குக் கிடைக்குமா, இந்த ரெண்டு கேள்விதான்.

48 கிலோஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 48,000 சாம்பிளில், ஓட்டினால் பைக்கோ 2-இன் 150 மெகாஹெர்ட்ஸ் ஒரு கோருக்கு, ஒரு சாம்பிளுக்கு 3125 சைக்கிள் தரும். எட்டு வாய்ஸுக்குப் பிரித்தால் தலைக்கு 390. பாலிபிளெப் முறையில் (அலையின் கூர் முனையைச் சீராக்கும் முறை) ரெண்டு ரம்ப அலை, ஒரு ஸ்டேட் வேரியபிள் ஃபில்டர், ரெண்டு என்வலப், இவ்வளவும் ஒழுங்காக எழுதினால் அதற்குள் அடங்கும். இது ஒரு கோருக்கான கணக்கு. இன்னொரு கோர் மிடி, நாப், டிலே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். மற்ற போர்டுகளில், ஈஎஸ்பி32-இல் 240 மெகாஹெர்ட்ஸ், கோருக்கு 5000 சைக்கிள். டெய்சி சீடில் 480, அதாவது 10,000. டீன்சி 4.1-இல் 600, அதாவது 12,500. முதல் பைக்கோவில் 133-ஐ வைத்தால் 2770 வருகிறதே என்று தோன்றும். ஆனால் அங்கே ஒவ்வொரு தசமப் பெருக்கலையும் மென்பொருள்தான் செய்கிறது, அந்த 2770 பொடிப்பொடியாகப் போய்விடும். முழு எண் கணக்கில் எழுதத் தெரிந்தவருக்கு மட்டும் அது சரி.

பை 4-இல் சைக்கிளுக்குப் பஞ்சமே இல்லை. நேரத்துக்குக் கிடைப்பதில்தான் சிக்கல். அதில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் உள்ளே வேறு பத்து வேலை பார்க்கும். எஸ்டி கார்டில் எழுதும், வைஃபையைக் கவனிக்கும், அந்த நேரம் ஆடியோ பஃபர் (அடுத்து ஒலிக்க வேண்டிய சாம்பிள் காத்திருக்கும் இடம்) காலியானால் 'டிக்' என்று ஒரு சத்தம். அதைத் தவிர்க்க பஃபரைப் பெரிதாக்குவோம், தாமதம் கூடும். 256 சாம்பிள் ரெண்டு அடுக்கு என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 10.7 மில்லிசெகண்ட். 128 ரெண்டு அடுக்கு 5.3. பைக்கோவில் 64 ரெண்டு அடுக்கு வைத்தாலும் தடுமாறாது, 2.7 மில்லிசெகண்ட்தான்.

உங்கள் தேவைப்பட்டியலில் லினக்ஸ் இருந்தே ஆகவேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை.

திருவான்மியூர் 48கே | 11 மே 2025, காலை 7.20

லினக்ஸை இப்படி ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். நிகழ்நேரத்துக்கான பிரீஎம்ப்ட் ஆர்டி என்ற வசதி 2024-இல் வந்த 6.12 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. பை 4-இல் அந்த வகை கெர்னல் போட்டு, சிபியூ கவர்னரை (வேகத்தை ஏற்றி இறக்கும் அமைப்பு) பெர்ஃபார்மன்ஸில் நிறுத்தி, வைஃபையை அணைத்தால் 128 ரெண்டு அடுக்கு நிம்மதியாக ஓடும். ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே ஒலி வந்து சேர மூன்று மில்லிசெகண்ட் ஆகிறது. அஞ்சு மில்லிசெகண்டைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

லினக்ஸ் வேண்டியது எப்போது என்றால் பெரிய சாம்பிள் தொகுப்பு வேண்டும்போது. நாதஸ்வரம், வீணை, தபேலா என்று நூற்றுக்கணக்கான எம்பி சவுண்ட்ஃபான்ட் (பதிவுசெய்த வாத்திய ஒலித் தொகுப்பு) ஏற்ற வேண்டுமானால் பைக்கோவில் இடமே இல்லை. ஃப்ளூயிட்சிந்த், சின்ஆட்சப்எஃப்எக்ஸ், சர்ஜ் எக்ஸ்டி மாதிரி தயார் மென்பொருள் வேண்டுமானாலும் அப்படித்தான். சின்தியன் என்று திறந்த மூலத் திட்டம் ஒன்று இதையெல்லாம் ஒரே பெட்டியில் கட்டித் தருகிறது.

சூளைமேடு சர்க்யூட் | 11 மே 2025, காலை 8.02

சவுண்ட்ஃபான்ட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பை 4-இன் பட்டியல் விலை 35 டாலரில் தொடங்குகிறது. இறக்குமதி, வரி, 3 ஆம்பியர் அடாப்டர், கார்டு, டாக் எல்லாம் போட்டால் நாலாயிரம் போர்டோடே போய்விடும், நாப் வாங்கக் காசு இருக்காது. அதோடு பை எதிலும் அனலாக் உள்ளீடு கிடையாது. நாப் வைக்க எம்சிபி3008 போல ஒரு ஏடிசி சிப் (அனலாக் வோல்ட்டை எண்ணாக்குவது) தனியாக வேண்டும்.

இன்னொன்று, கேட்டவர் மேடையில் பெட்டியை மூடி வைத்து மே மாதம் வாசிக்கப் போகிறார். பை 80 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைக்கும். சென்னையில் மூடிய பெட்டி, விசிறி கிடையாது, மேலே ஃபோகஸ் விளக்கு. இரண்டாவது பாட்டிலேயே கிளிக் கேட்க ஆரம்பிக்கும்.

மாம்பலம் மிடி | 11 மே 2025, மதியம் 1.15

நடுவுல ஒரு வழி இருக்கு, யாரும் சொல்லல. ராஸ்ப்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ. 15 டாலர் பட்டியல் விலை, நாலு ஏ53 கோர், 512 எம்பி. அதுல லினக்ஸ் போடாம மினிடெக்ஸெட்ங்கிற சிந்த் மென்பொருள் போடுங்க. சர்க்கிள்ங்கிற கட்டமைப்பு மேல நேரடியா ஹார்டுவேர்ல ஓடுது, இயங்குதளமே கிடையாது. சில நொடியில எழுந்திரிக்கும். யமஹா டிஎக்ஸ்7 சிந்த் எட்டு ஒண்ணா சேர்ந்த மாதிரி, எட்டு டோன் ஜெனரேட்டர். முதல் தலைமுறை ஜீரோவுல ஒண்ணே ஒண்ணுதான் ஓடும், அதனால பழசை விலை கம்மின்னு வாங்கிடாதீங்க.

ஆனா இது எஃப்எம் சத்தம் (ஒரு அலை இன்னொரு அலையை அசைச்சு உண்டாகறது). மணி, எலக்ட்ரிக் பியானோ, பித்தளை வாத்தியம்னா அள்ளும். நீங்க கேக்கற ரம்ப அலை, ஃபில்டர் வகை இல்ல.

எம்டி32-பைன்னு அதே கட்டமைப்புல இன்னொண்ணு. ரோலண்ட் எம்டி-32ங்கிற பழைய ஒலிப்பெட்டி மாதிரி ஒலிக்க அதோட ரோம் கோப்பு வேணும், சவுண்ட்ஃபான்ட் போட்டு வாசிக்க அது தேவையில்ல. ரெண்டுமே கார்டுல எழுதிட்டே இருக்காது, அதனால மேடையில ஜெனரேட்டர் நின்னு கரண்ட் போனாலும் கார்டு கெடற பயம் குறைவு. லினக்ஸ் பைல அந்த பயம் நிஜம். அங்க ஓவர்லே கோப்பு முறையை இயக்கி, கார்டைப் படிக்க மட்டும்னு வெச்சுடணும்.

பெரம்பூர் கீஸ் | 11 மே 2025, இரவு 8.40

எஃப்எம் வேண்டாம். அப்ப டீன்சி எடுத்துட்டா என்ன? அதுல டாக்கும் உள்ளேயே இருக்குன்னு படிச்சேன், தனியா வாங்க வேணாமே.

சூளைமேடு சர்க்யூட் | 11 மே 2025, இரவு 9.26

டாக் உள்ளே இருந்தது டீன்சி 3 வரிசையில். 4.0, 4.1 ரெண்டிலும் கிடையாது. எஸ்ஜிடிஎல்5000 சிப் உள்ள ஆடியோ ஷீல்டு வாங்க வேண்டும், இல்லை வெளி டாக் வைக்க வேண்டும்.

மற்றபடி, புதிதாக நிரல் எழுதுபவருக்கு டீன்சியைப் போல வசதியான போர்டு கிடையாது. உலாவியில் ஆஸிலேட்டர், ஃபில்டர், மிக்சர் பெட்டிகளை இழுத்து வயர் போட்டால் அதுவே நிரலை எழுதித் தருகிறது. ஆடியோ தொகுதி 128 சாம்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது 2.9 மில்லிசெகண்ட். 4.1-இல் அனலாக் உள்ளீடு 18. அதன் அடியில் ரெண்டு காலி இடம் இருக்கிறது, 8 எம்பி பிஎஸ்ராம் (கூடுதல் நினைவகச் சிப்) ஒன்றைச் சாலிடர் செய்தாலே நாற்பது செகண்டுக்கு மேல் டிலே கிடைக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: எந்தச் சிக்னல் காலிலும் (பின்) 5 வோல்ட் பட்டால் சிப் போய்விடும்.

டெய்சி சீட் இசைக்கென்றே செய்தது. 24 பிட் கோடெக் (ஒலியை உள்ளே வாங்கி வெளியே தரும் சிப்) போர்டிலேயே இருக்கிறது, 64 எம்பி நினைவகம், டெய்சிஎஸ்பி என்ற நிரல் நூலகம். நிரலை சி++-இல் எழுதத் தெரிந்து, லூப்பர், ரிவர்ப் என்று பெரிதாக யோசிப்பவர் அதை வாங்கலாம்.

ரெண்டுமே முப்பது டாலர் வாக்கில். அந்த விலைக்கு ஆறு பைக்கோ 2 வரும். ரிச்சி தெருவில் பைக்கோவும் ஈஎஸ்பி32-உம் கேட்டால் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துப் போடுவார்கள். டெய்சி என்றால் ஆன்லைனில்தான் தேட வேண்டும். கச்சேரிக்கு முந்தின நாள் போர்டு செத்தால் அண்ணா சாலைக்கு ஒரு நடை போய் மாற்று வாங்கி வர முடியுமா என்பதையும் நான் கணக்கில் வைப்பேன். என் ஓட்டு பைக்கோ 2, கூடவே பிசிஎம்5102 டாக். போர்டு ரெண்டு வாங்கி ஒன்றைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.

திருவான்மியூர் 48கே | 11 மே 2025, இரவு 9.50

ஈஎஸ்பி32 பக்கம் போகிறவர்களுக்கு: உள்ளே இருக்கும் டாக் வெறும் 8 பிட், சிந்துக்கு ஆகாது. எஸ்3 வகையில் அதுவும் கிடையாது. வைஃபையை இயக்கினால் ஏடிசி2 கால்களில் நாப் படிக்க முடியாது. யூஎஸ்பி மிடி கீபோர்டு நேரடியாகச் செருக வேண்டுமானால் எஸ்3 எடுங்கள், பழைய ஈஎஸ்பி32-இல் யூஎஸ்பி ஹோஸ்ட் இல்லை.

சூளைமேடு சர்க்யூட் | 12 மே 2025, காலை 6.55

பைக்கோ 2 என்று முடிவானால் கால் ஒதுக்கீட்டை முதலில் தாளில் எழுதுங்கள். பைக்கோவுக்கு வரும் ஐ2எஸ் (டாக்குக்கு ஒலி எண்களை அனுப்பும் முறை) உதாரண நிரல்களில் பெரும்பாலும் ஜிபிஐஓ 26, 27, 28 கால்களைப் போட்டிருக்கும். அந்த மூன்றும்தான் வெளியே வரும் ஒரே மூன்று ஏடிசி கால்கள். அப்படியே நகலெடுத்தால் ஒரு நாப்கூட வைக்க முடியாது. டேட்டாவை 9-க்கும், பிட் கிளாக்கை 10-க்கும், இடவலக் கிளாக்கை 11-க்கும் மாற்றுங்கள். கிளாக் ரெண்டும் அடுத்தடுத்த காலில் இருந்தாக வேண்டும். மிடி உள்ளீட்டுக்கு 5, அது யுஆர்ட் 1 என்ற சீரியல் இணைப்பின் உள்வாங்கும் கால்.

நாப் பத்துக்கு ஒரு 74எச்சி4067 (பல உள்ளீட்டில் ஒன்றைத் தேர்ந்து தரும் சிப்) போதும், பதினாறு வரை ஒரே ஏடிசி காலில் வந்துவிடும். பி10கே, அதாவது 10 கிலோ ஓம் நேர்கோட்டு வகை. முகவரியை மாற்றியதும் சில மைக்ரோசெகண்ட் பொறுத்துப் படியுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து நாப்பின் மதிப்பு கலந்து வரும். ஜிபிஐஓ 23-ஐ உயர்த்தி வைத்தால் போர்டின் வோல்ட் ரெகுலேட்டர் ஒரே சீராக ஓடும், ஏடிசி ஆட்டம் குறையும்.

பட்டன்களை 3.3 வோல்ட்டுக்கு இழுக்காமல் தரைக்கு (கிரவுண்ட்) இழுங்கள், உள் புல்-அப் (அழுத்தாதபோது காலை 3.3-இல் நிறுத்தும் ரெசிஸ்டர்) போட்டு. ஆர்பி2350-இன் முதலில் வந்த ஏ2 பதிப்பில் புல்-டவுன் ஒழுங்காக இறங்காமல் நடுவில் தொங்கும் குறை இருக்கிறது.

சிஸ்டம் கிளாக்கை 153.6 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் ஐ2எஸ்-க்கு அது மிச்சமில்லாமல் வகுபடும். 150-இல் விட்டால் பின்ன வகுத்தல் வந்து பிட் கிளாக் முன்பின் ஆடும்.

மாம்பலம் மிடி | 12 மே 2025, காலை 9.10

மிடி உள்ளீடு. 6என்138 ஆப்டோவை (ஒளி வழியா சிக்னலைக் கடத்தி ரெண்டு பக்கத்தையும் பிரிச்சு வைக்கற சிப்) 3.3 வோல்ட்ல ஓட்ட முயற்சி பண்ணாதீங்க, நோட் விட்டுப் போகும். எச்11எல்1 கிடைச்சா அதை எடுங்க, 3 வோல்ட்லயே வேலை செய்யும். அஞ்சு முள் மிடி சாக்கெட்டோட 4-ம் முள்ளுலேர்ந்து 220 ஓம் வழியா சிப்போட 1-ம் கால், 5-ம் முள் நேரா 2-ம் கால். ரெண்டுக்கும் குறுக்கே ஒரு 1என்4148 டயோடு தலைகீழா. 4-ம் கால் அவுட்புட், அதை 470 ஓம்ல 3.3-க்கு இழுங்க. 5 தரை, 6 மின்சாரம். சாக்கெட்டோட 2-ம் முள்ளை நம்ம பக்கம் தரையில கட்டாதீங்க. கட்டினா ஆப்டோ வெச்ச பலனே போச்சு.

6என்138 தான் கிடைச்சதுன்னா அதுக்கு 5 வோல்ட் குடுத்து, அவுட்புட்டை மட்டும் 3.3-க்கு இழுங்க.

பெரம்பூர் கீஸ் | 24 மே 2025, இரவு 11.05

பைக்கோ 2, பிசிஎம்5102 எல்லாம் வந்து சேர்ந்துச்சு, கட்டியாச்சு. மிடி வருது, சீரியல்ல நோட் எண் அச்சாகுது. சத்தம் மட்டும் வரல. டாக் போர்டு ஊதா நிறம், ஆறு கால், 3.5 ஜாக். எல்இடி எரியுது.

சூளைமேடு சர்க்யூட் | 24 மே 2025, இரவு 11.18

டாக் போர்டைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் நாலு வரிசை சாலிடர் திட்டு இருக்கும், 1 முதல் 4 வரை எண், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எச், ஒரு பக்கம் எல். சில போர்டுகளில் இவை சாலிடர் ஆகியே வரும், சிலவற்றில் வெறுமையாக. 1 எல், 2 எல், 3 எச், 4 எல் என்று நடுத் திட்டோடு ஒரு சொட்டு ஈயம் வைத்துப் பாலம் போடுங்கள். 3-ம் வரிசைதான் மியூட் கால். அது தொங்கிக்கொண்டிருந்தால் சிப் ஊமை.

அடுத்து முன்புறம், எஸ்சிகே என்ற காலுக்குப் பக்கத்தில் ரெண்டு சின்னத் திட்டு. அதையும் சேருங்கள், அல்லது எஸ்சிகே காலை வயர் போட்டு தரையில் கட்டுங்கள். தரையில் இருந்தால்தான் சிப் தன் மாஸ்டர் கிளாக்கைத் தானே பிட் கிளாக்கிலிருந்து செய்துகொள்ளும். தொங்கவிட்டால் பக்கத்து வயரின் துடிப்பையே கிளாக் என்று எடுத்துக்கொண்டு கரகரக்கும்.

பெரம்பூர் கீஸ் | 25 மே 2025, காலை 10.30

வந்துடுச்சு! 3-ம் வரிசை காலியா இருந்தது. ஆனா ரெண்டு புதுத் தொல்லை. ஆறு நோட்டுக்கு மேல அழுத்தினா கிழியுது. லேப்டாப்போட இணைஞ்சிருக்கும்போது அடியில 'உய்ய்' னு மெல்லிசா ஒரு கோடு.

திருவான்மியூர் 48கே | 25 மே 2025, காலை 11.02

அந்த 'உய்ய்' 1 கிலோஹெர்ட்ஸ் சுதியில் இருக்கும், ட்யூனர் செயலியில் பாருங்கள். யூஎஸ்பி மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை ஃப்ரேம் அனுப்புகிறது, அதுதான். லேப்டாப்பின் தரையும் ஆம்ப்ளிஃபையரின் தரையும் ரெண்டு வழியில் சேர்ந்து வளையம் ஆகிவிட்டது. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், குறையும். மேடையில் லேப்டாப்பே இருக்காது, பிரச்சினையும் இருக்காது. அடாப்டரில் ஓட்டும்போதும் இதே இரைச்சல் வந்தால் டாக்குக்கு வரும் 5 வோல்ட்டில் 10 ஓம், 470 மைக்ரோஃபாரட் வைத்து வடிகட்டுங்கள்.

சூளைமேடு சர்க்யூட் | 25 மே 2025, மதியம் 12.40

கிழிவதற்கு முதலில் நிரலில் தசம எண்களைத் தேடுங்கள். 0.5 என்று எழுதியிருந்தால் கம்பைலர் அதை இரட்டைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளும், எஃப்பியூவோ ஒற்றைத் துல்லியம் மட்டும்தான். பின்னால் ஒரு எஃப் எழுத்துச் சேர்த்தால் வேகம் பல மடங்கு. சைன் ஃபங்ஷனுக்கும் அதே எஃப் முடிவுள்ளதைப் பயன்படுத்துங்கள், அதைவிட 1024 புள்ளி அட்டவணை இன்னும் நல்லது. டீன்சியிலும் டெய்சியிலும் இரட்டைத் துல்லிய எஃப்பியூ உண்டு, அதனால் அங்கிருந்து நகலெடுத்த நிரல் இங்கே திணறும்.

அது சரியாக இருந்தும் கிழிந்தால், ஆடியோ ஃபங்ஷனை ஃப்ளாஷிலிருந்து ராம் நினைவகத்துக்கு மாற்றுங்கள். பைக்கோ நிரலை ஃப்ளாஷிலிருந்தே படித்து ஓட்டுகிறது. கேஷில் இல்லாத வரி வந்தால் நின்று காத்திருக்கும். நோட் கூடும்போது மட்டும் கிளிக் வருவதற்கு இது வழக்கமான காரணம்.

மூன்றாவது, எட்டு வாய்ஸைக் கூட்டும்போது அளவைக் குறைத்தீர்களா? வாய்ஸ் ஒவ்வொன்றும் முழு அளவில் இருந்தால் கூட்டல் எல்லையைத் தாண்டி வெட்டுப்படும். கால் பங்காக்கி, கடைசியில் மென்மையாக வளைக்கும் ஒரு வரம்பு வையுங்கள். 'கிழியுது' என்றால் இதுவாகவும் இருக்கலாம். சோதிக்க சுலபம்: எல்லா வாய்ஸையும் பத்தில் ஒன்றாகக் குறையுங்கள். கிழிசல் போனால் அளவுதான் காரணம், போகாவிட்டால் நேரம்தான்.

பெரம்பூர் கீஸ் | 31 மே 2025, இரவு 9.55

அளவுதான். எட்டும் சுத்தமா வருது. இப்ப கமகம். பெண்ட் சக்கரத்தை (சுதியை வளைக்கறது) திருப்பினா படிப்படியா ஏறுது, வழுக்கிட்டுப் போகல.

மாம்பலம் மிடி | 31 மே 2025, இரவு 10.20

மிடி பிட்ச் பெண்ட் 14 பிட், 16,384 படி. ஆனா மலிவான கீபோர்டு பலதும் மேல் 7 பிட்டை மட்டும்தான் அனுப்பும். நடுவுலேர்ந்து மேல 64 படிதான். பெண்ட் எல்லையைப் பன்னிரண்டு அரைச்சுரமா வெச்சிருந்தீங்கன்னா படிக்கு கிட்டத்தட்ட 19 சென்ட் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்), காதுல படிக்கட்டா கேக்கும். ரெண்டு அரைச்சுரமா குறைச்சா படிக்கு 3 சென்ட்.

சூளைமேடு சர்க்யூட் | 1 ஜூன் 2025, காலை 7.15

ரெண்டில் நிறுத்தினால் தோடியின் காந்தாரத்துக்கு இழுப்புப் போதாது. மூன்று வையுங்கள், கூடவே பெண்ட் மதிப்பை ஒரு ஒற்றைத் துருவ வடிகட்டி (மதிப்பைத் தாவவிடாமல் மெல்ல நகர்த்தும் கணக்கு) வழியாகச் செலுத்துங்கள், 6 மில்லிசெகண்ட் அளவில். அதற்குமேல் போனால் வேகமான கமகம் மழுங்கும். மதிப்பை சாம்பிளுக்கு ஒரு தடவை நகர்த்த வேண்டும், 64-க்கு ஒரு தடவை நகர்த்தினால் படி திரும்ப வந்துவிடும்.

சுதியும் உங்கள் கையில்தான் இருக்கிறது. சமவிகித ட்யூனிங்கில் அந்தர காந்தாரம் 400 சென்ட், தம்புராவோடு சேரும் 5/4 விகிதம் 386. தம்புரா போட்டுக்கொண்டு நிறுத்திப் பிடித்தால் அந்த 14 சென்ட் உறுத்தும். பன்னிரண்டு சுரத்துக்கும் ஒரு சென்ட் திருத்த அட்டவணை போதும், செலவே இல்லை. அட்டவணை ஷட்ஜத்திலிருந்து எண்ண வேண்டும், அதனால் ஒரு நாப்பை சுருதிக் கட்டைக்கு ஒதுக்குங்கள்: ஒரு கட்டை சி, ரெண்டு டி, நாலரை எஃப் ஷார்ப், அஞ்சு ஜி. மெல்லிசைக்குப் போகும்போது அட்டவணையை அணைக்க ஒரு சுவிட்சு. கிட்டாரும் கீபோர்டும் சமவிகிதத்தில் இருக்க நீங்கள் மட்டும் 386-இல் நின்றால் சேராது.

பெரம்பூர் கீஸ் | 14 ஜூன் 2025, இரவு 10.10

அடுத்த வாரம் கோயில்ல பஜனை. பவர் பேங்க்ல ஓட்டினேன், அரை நிமிஷத்துல தானா அணையுது. அப்புறம், மிக்சர்ல எங்க செருகணும்?

திருவான்மியூர் 48கே | 14 ஜூன் 2025, இரவு 10.32

பைக்கோவும் டாக்கும் இழுக்கும் மின்னோட்டம் ரொம்பக் குறைவு. ஃபோன் கழற்றப்பட்டுவிட்டது என்று நினைத்துப் பவர் பேங்க் மூடிக்கொள்கிறது. 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் குறுக்கே 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போடுங்கள், நூறு மில்லிஆம்பியருக்குச் சற்று மேல் இழுத்து விழிக்க வைக்கும். அரை வாட் சூடு வரும், வயரில் ஒட்டாமல் தள்ளி வையுங்கள்.

பிசிஎம்5102 முழு அளவில் 2.1 வோல்ட் தரும், அது லைன் அளவு. சவுண்டு சர்வீஸ்காரர் மைக் கேபிளை நீட்டினால் நேரடியாகச் செருகாமல் டிஐ பாக்ஸ் (லைன் அளவை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) கேளுங்கள், தரை வளையமும் அதிலேயே அறுபடும். டிஐ இல்லையென்றால் மிக்சரின் லைன் உள்ளீடு, கெயின் கீழே.

மாம்பலம் மிடி | 15 ஜூன் 2025, காலை 6.40

3.5 ஜாக்கை மேடைக்கு நம்பாதீங்க. யாராவது வயரை மிதிச்சா போர்டுலேர்ந்தே பிடுங்கிட்டு வரும். டாக்கோட அவுட்புட் திட்டுலேர்ந்து வயர் எடுத்து, பெட்டியில கால் அங்குல சாக்கெட் போடுங்க. உலோகப் பெட்டின்னா தரையை ஒரே ஒரு இடத்துல மட்டும் பெட்டியோட சேருங்க.